ஏழு தட்டு, இரண்டு பெட்டி

எல்லாம் பங்கு போட்டாயிற்று.
நாற்காலி ஆறு, ஆளுக்கு மூன்று.
காபி இயந்திரம் ரௌனோவுக்கு.
அதன் கண்ணாடிக் குடுவை மட்டும்
எப்படியோ என் பெட்டிக்குள்.
தரையில் மிஞ்சிக் கிடந்தவை
'நமத்த தீக்குச்சிகள்' வெளியிட்ட ஏழு ஆல்பங்கள்.

ஏழு இரண்டால் வகுபடாது என்றான்.
பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவன்.
வெளியே தம்பெரே நகரத்து நவம்பர்:
மழை என்றும் சொல்ல முடியாமல்
பனி என்றும் சொல்ல முடியாமல்
ஏதோ ஒன்று சன்னலில் துப்பிக்கொண்டிருந்தது.

மாறி மாறி எடுப்போம் என்றேன்.
சிறந்ததில் தொடங்கி, கடைசியில் குப்பை.
நாணயத்தைச் சுண்டினோம்.
முதல் கை அவனுக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.
பத்தொன்பது வருடத்தில் நாங்கள்
பணத்துக்காகச் சண்டை போட்டதில்லை.
அவன் அம்மாவுக்காகக்கூட இல்லை.
மூன்றாவதா நான்காவதா, அதுதான் சண்டை.

எனக்கு மூன்றாவது.
அதில் ஏரி உறைவதைப் பற்றி ஒரு பாட்டு.
கித்தார் உள்ளே வர நாலு நிமிடம் ஆகும்,
வாசலில் பூட்ஸின் பனியைத் தட்டித் தட்டி
நிற்கிற விருந்தாளி மாதிரி.
அவனுக்கு நான்காவது.
பெர்த்தியின் டிரம்ஸ் கதவைத் தட்டாது,
கதவோடு வந்து கூடத்தில் விழும்.
ஒருமுறை வாதம் முற்றியபோது
என் தங்கை தெல்லெர்வோ தட்டைத் தூக்கிக்கொண்டு
பால்கனியில் போய் நின்று சாப்பிட்டாள்.
மைனஸ் பதினாறு.

மற்றவற்றில் எங்களுக்குள் ஒற்றுமை.
முதலாவதுக்கு மூன்றாம் இடம். பையன்களின் அவசரம்,
சுருதி சேராவிட்டாலும் பசி சேர்ந்திருக்கும்.
இரண்டாவது அதன் நிழல், ஆகவே அதற்கு அடுத்து.
ஐந்தாவதில் வயலின்கள். யார் கேட்டார்கள் வயலின்?
ஆறாவது, ஒப்பந்தம் முடிக்க ஒப்பேற்றியது.
ஏழாவதைப் பேசாதிருப்பது நல்லது.
பெர்த்தி போனபின் ஒரு இயந்திரத்தைத் தட்டவிட்டு,
பாடகர் தன் நாய்க்கு எழுதிய பாட்டையும் சேர்த்து.

ரௌனோவின் கை நான்காவதின் மேல் வட்டமிட்டது.
பிறகு
என் மூன்றாவதை எடுத்தது.

நான் ஒன்றும் பேசவில்லை.
வீம்புக்கு நான்காவதை எடுத்தேன்.
அப்புறம் மளமளவென்று முடிந்தது,
அவன், நான், அவன், நான்.
கணக்குப்படி ஏழாவது அவன் தலையில்.
நீயே வைத்துக்கொள் என்றான்.
ஐயோ வேண்டாம் என்றேன்.
இரண்டு முறை தரையில் போய் வந்தது அது.

அப்போதுதான் பார்த்தேன்:
இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல் இல்லை.
கருந்தண்ணீர் மாதிரி அசையாமல்.
நாங்கள் கேட்டதே இல்லை.
கேட்காமலே இத்தனை வருடம்
கடைசி இடம் கொடுத்திருக்கிறோம்.

ப்ளேயரை இன்னும் கட்டவில்லை. போட்டோம்.
நன்றாக இருந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான்.
இல்லை. படு மோசம்.
ஆனால் மூன்றாம் பாட்டின் நடுவில்
யாரோ இருமுகிறார்,
அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.
இந்தத் தட்டில் தாளம் தப்பாதது
அது ஒன்றுதான் என்றான் ரௌனோ.
வெறுந்தரையில் உட்கார்ந்து சிரித்தோம்,
கீழே அவன் தம்பி
வேன் ஹார்னை அடிக்கும்வரை.

புது வீட்டில், மூன்றாம் நாள்,
நான்காவதின் உறையைப் பிரித்தேன்.
உள்ளே மூன்றாவது.

என்றைக்கோ, எந்தச் சண்டைக்குப் பிறகோ,
கோபத்தில் மாற்றிப் போட்டிருக்கிறோம்.
அவனா, நானா.
அவனுக்குத் தெரியுமா,
தெரிந்துதான் அந்த உறையை எடுத்தானா,
தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளவா
எனக்கு வேண்டியதை விட்டுப் போகவா?
கேட்டால்
இரண்டு கணக்குக்கும் ஒரே விடை என்பான்.

சரி, போட்டாவது பார்க்கலாம் என்றால்
ப்ளேயர் அவனிடம்.
என்னிடம் குடுவை.