இருப்புப் பதிவேடு

நாற்பது மில்லி குறைகிறதே ஜெபக்கனி, என்றார்
மதுவிலக்கு ஆய்வாளர் உச்சிமாகாளி.
வரவு ஐந்நூறு. இருப்பு நானூற்று அறுபது.
மிச்சத்தை எங்க ஊத்துன?

அபிஷேகப்பட்டிக் காற்று
சன்னல் கொக்கியை ஆட்டிக்கொண்டிருந்தது.
ஊற்றவில்லை சார், தின்னக் கொடுத்தேன்.

யாருக்கு என்று காட்டக்
குளிர்பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்தேன்.
கன்னடியன் கால்வாய் ஓரம்
பிசானத்து நெல்லின் தோகையைக் கிள்ளி வந்து
கூழில் பதித்து நாலு நாள் வைத்தது.
தோகை கிடந்த இடத்தில்
தோகையின் வடிவிலேயே
ரோஜா நிறத்தில் படர்ந்திருந்தது ஓர் உயிர்க்கூட்டம்.

விடியலில் இலை மூச்சுவிடும்போது
கசிவதும் மெத்தனால்தான் சார்.
உங்கள் பூட்டுக்கு அகப்படாதது.
சேரன்மகாதேவி வரை எத்தனை வயல்!
இதுகள் அதைக் குடித்தே பிழைக்கின்றன.
இதன் நொதியைத்தான் நான் திருத்துகிறேன்.

அவர் சிரிக்கவில்லை.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில ஒருத்தனப் பாத்தேன்.
கண்ணுக்குள்ள பஞ்சு பறக்குன்னான்.
விடிஞ்சாச்சா விடிஞ்சாச்சான்னு
கேட்டுக்கிட்டே கெடந்தான்.
அப்ப மத்தியானம் ரெண்டு மணி.

எனக்குப் பேச்சு நின்றுவிட்டது.
அவனுடைய கல்லீரலும் இதே வேலையைத்தான் செய்தது.
இரண்டு ஹைட்ரஜனை உருவும்
அதே முதல் படி.
அதற்கப்புறம் போக வழியில்லாமல்
அமிலமாகிக் கண் நரம்பில் போய் உட்கார்ந்துகொண்டது.
என் குடுவையில் அந்த இடத்தில்
இரண்டாவதாக ஒரு நொதி காத்து நிற்கிறது.
ஒற்றைக் கரிகள் மூன்றைப் பிடித்து
ஒன்றோடொன்று முடிந்துவிடும்.
முடிந்துவிட வேண்டும்.

அறுபத்தொரு தடவை முடியவில்லை.
மடிப்புக்குள் ஓரிடத்தில் நெருக்கடி என்று
பருத்த அமினோ அமிலத்தை எடுத்துச் சின்னதை வைத்தேன்,
புரதம் பாலாய்த் திரிந்தது.
அடுத்த இடத்தை மாற்றினேன், மின்சாரம் போனது,
ஒரு வாரத்து வேலை உருகி ஓடியது.
போன செவ்வாய், அறுபத்திரண்டாவதில்,
வரைபடத்தில் ஒரு மேடு.
பெயருக்கு வேகத்தடை போட்டிருப்பார்களே,
அந்த உயரம்.

குடிக்கிற சாமானா?
இல்லை சார். இதிலிருந்து பலதும் கட்டலாம்.
இப்போதைக்கு, வெயிலில் நிற்காமலே
தோலைக் கறுப்பாக்கும் களிம்பில் போடுகிறார்கள்.

சட்டைக்கையை ஏற்றித்
தன் முழங்கையைப் பார்த்தார்.
இதுக்கா அறுபத்திரண்டு தடவ?
ஒரு மே மாசம் வண்ணார்பேட்டையில வந்து நிக்கச் சொல்லு.
அப்போதுதான் சிரித்தார்.

தின்னதுன்னு எழுத முடியாது, என்று
செலவுப் பத்தியில் அவரே எழுதினார்:
ஆய்வின்போது மாற்றப்பட்டது, நாற்பது மில்லி.
கதவருகே போய் நின்று,
அந்த ரெண்டாவது இருக்குல்லா,
அத மனுசனுக்குள்ள வைக்க முடியுமா?

தெரியவில்லை சார்.

தலையாட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.
ஜீப் சத்தம் கேட்ட பிறகுதான் பார்த்தேன்,
பாட்டில் மூடியில் அரக்கு காய்ந்திருந்தது.
அறுபத்துமூன்றாவதற்கு
இரண்டு மில்லி எடுத்துவைத்திருக்கவில்லை.