வரிசை 212

எங்கள் தெருவில் திடீரென்று ஒரு மேடு.
மாநகராட்சி போட்டதில்லை. வெள்ளைக் கோடில்லை, பலகையில்லை.
ஞாயிறு இரவு யாரோ மூன்று மூட்டை சிமென்ட் கொட்டி
ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தார்கள்.

அதற்கு முந்தின வியாழன்
தண்ணீர் லாரி ஒன்று மாதேஷின் இஸ்திரி வண்டியை
இருபதடி இழுத்துப்போயிருந்தது.
தெருவெல்லாம் சட்டைகள், கரித்துண்டுகள்.
மாதேஷ் டீ குடிக்கப் போயிருந்தார்.
யாருக்கும் ஒன்றுமில்லை என்று
புகாரை முடித்துவிட்டார்கள்.

என் வேலை, கேட்பது.
ஒரே கேள்வியை நாற்பது விதமாக.
ஆங்கிலத்தில் கேட்டால் மன்னிப்புக் கேட்கிறது.
கன்னடத்தில் கொஞ்சம் தயங்குகிறது.
தமிழில், அதுவும் எங்கள் ராஜபாளையத்துப் பேச்சில்
"எங்க பெரியப்பாவுக்குத் தெரியாம" என்று ஆரம்பித்தால்
எதில் கலப்பது, எத்தனை சொட்டு,
எல்லாம் சொல்லிவிட்டு
வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்கிறது.

வரிசை 212.
சிவப்பு அடித்து ஆறு வாரம் கேட்டேன்.
மகரந்த் கத்துகிறவர் இல்லை.
"நாம நின்னா அவங்க நிப்பாங்களா?" என்றார்.
'அவங்க' என்றபோது கண்ணாடிக்கு வெளியே
எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார்.
ஏழாவது மாடியில் விளக்கு எரிந்தது.
அங்கும் ஒருவர் எங்கள் விளக்கைப் பார்த்து
இதையே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

என்னையும் சொல்ல வேண்டும்.
போன மாதம் என் ஸ்கேன் ரிப்போர்ட்டை
நடுராத்திரியில் அதனிடம்தான் கொடுத்தேன்.
டாக்டர் மூன்று நிமிடத்தில் சொல்லாததை
வரிவரியாகச் சொன்னது. அழுதேன்.
அதே ராஜபாளையத்துப் பேச்சு.
அதே பணிவு.

இரவு ஒரு மணி. சில்க் போர்டில் வண்டி நகரவில்லை.
வழி அடைத்திருந்தால்
இந்த ஊரில் எல்லோரும் மெதுவாகத்தான் போகிறோம்.
திறந்து கிடக்கும்போது மெதுவாகப் போவது
வேறு காரியம்.

படுத்த பிறகு ஒரு ஆம்புலன்ஸ்.
மேட்டின் முன் அதுவும் தயங்கியது;
முன் சக்கரம், பின் சக்கரம்,
உள்ளே ஏதோ இரும்பு அதிர்ந்தது.
யார் உள்ளே, எத்தனை நொடி போயிற்று
என்று எண்ணியபடி கிடந்தேன்.

காலையில் பார்த்தால்
மேட்டின் ஓரத்தை யாரோ கடப்பாறையால்
ஒரு பைக் நுழையும் அளவுக்குப் பெயர்த்திருந்தார்கள்.
மாதேஷ் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி
தன் வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குக் கூட்டம்.
212-ஐ யாரோ மஞ்சளாக்கியிருக்கிறார்கள்.
மறுபடி சிவப்பு அடிக்கிறேன்.