எட்டுப் பெட்டி அழுகல்

குமுளியில் ஆறு மணிக்கே மலை விளக்கணைத்துவிடும்.
குரியாக்கோஸ் வீட்டு வாசலில்
இரண்டு ஜோடிச் செருப்பு, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.
பூட்ஸ் பவுன்ராஜுடையது.
சுருளிப்பட்டியில் கொடிக்கு மருந்தடித்த கையோடு
பஸ் ஏறி வந்துவிட்டார்.
மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவ அனுப்பினாள் லீலாம்மா:
"இது மூக்கு செய்கிற வேலை."

மேசையில் ஐந்து குப்பி.
எதுவும் வைனுக்கென்று பிறந்ததில்லை.
ஒன்று பிராந்தி, ஒன்று ரோஸ் மில்க்,
ஒன்று என்னவென்று அவர்களுக்கே நினைவில்லை.
கழுத்தில் பிளாஸ்திரி ஒட்டி
பால்பாயிண்ட் பேனாவில் வருஷம்.

"முந்திரி வைன்" என்று குரியாக்கோஸ் முதன்முதலில் சொன்னபோது
முந்திரிக்கொட்டையில் ஏது சாறு என்று
ஒரு வாரம் யோசித்தாராம் பவுன்ராஜ்.
இராயப்பன்பட்டி சலேத்மேரிதான் வழக்கைத் தீர்த்தாள்:
பழைய செபப் புத்தகத்தில் அது கொடிமுந்திரி.
மலையேறும்போது அவர்கள் கொடியைப் போட்டுவிட்டார்கள்,
இறங்கும்போது நாம் முந்திரியை.

முதல் குப்பிக்கு நாலு வயது.
பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி
இனிப்பு முன்னால் ஓடிவந்தது,
பின்னால் புத்தகப்பை கிடந்தது எங்கேயோ.

இரண்டாவதற்குத்தான் நிஜக் கார்க்,
கோட்டயத்திலிருந்து வரவழைத்தது.
திறந்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.
"மீன்கறிக்கு ஆகும்" என்று
முகம் மாறாமல் மூடி வைத்தாள் லீலாம்மா.

எனக்குக் கூடலூரில் எடைமேடை.
எடை தெரியும், ருசி சொல்லத் தெரியாது.
என் முறை வரும்போதெல்லாம் "நல்லாருக்கு" என்றேன்.
சலேத்மேரி அபராதம் போட்டாள்,
நல்லாருக்கு ஒன்றுக்கு ஐந்து ரூபாய்.

பிறகு அந்த பிராந்திக் குப்பி.
சாலையை மறித்த டிசம்பரின் குப்பி.

அன்றைக்கு லாரி குமுளி தாண்டவில்லை.
டிரைவர் சாவியை வண்டியிலேயே விட்டுக்
காட்டுவழியே இறங்கி ஓடிவிட்டான்.
ஏலக்காய் ஏலக் கடைக்குப் பின்னால்
நாற்பத்திரண்டு பெட்டி பன்னீர் திராட்சை
தார்ப்பாய்க்குள் ஒழுகிக்கொண்டு நின்றது.
முகம் தெரியாத ஒருவருடைய திராட்சை.
புருஷனும் பெண்டாட்டியும் ராத்திரி விளக்கில்லாமல் இறக்கி
கழுவி, துடைத்து, கிராம்பும் கோதுமையும் இட்டு
ஊரிலுள்ள பரணியெல்லாம் இரவல் வாங்கினார்கள்.

தை கழிந்து வழி திறந்ததும்
பவுன்ராஜுக்கு ஒரு கவர் வந்தது.
ரூபாய், ரப்பர் பேண்டு, ஒரு துண்டுச்சீட்டு.
தமிழைக் கற்றுக்கொண்டு எழுதிய தமிழ்:
"பெட்டி 42. அழுகல் 8. பாக்கிக்குக் காசு."

காசை எண்ணவில்லை அவர்.
சண்டை பிடிக்க பஸ் ஏறினார்.
"என் தோட்டத்துப் பழத்தில் எட்டா? அஞ்சுதான்!"
அன்று சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.
அன்றிலிருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார்.

ஊற்றினாள். சிவப்பு ஓரத்தில் செங்கல்லாகியிருந்தது.
குரியாக்கோஸ்: ஸ்டோர் ரூமில் ஏலக்காய் காய்கிற புகை.
சலேத்மேரி: நாவற்பழம் தின்ற நாக்கு, பூசை முடிந்த மெழுகு.
லீலாம்மா: "சீனி கொஞ்சம் கரித்துவிட்டேன் அன்றைக்கு,
கை நடுங்கியது."
பவுன்ராஜ் கண்ணை மூடினார்.
"கீழ்த்தோட்டம். வாய்க்கால் தண்ணி இல்ல, கிணத்துத் தண்ணி.
உப்பு தெரியுதா?"
எங்களுக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்றோம்.

என்னைப் பார்த்தார்கள்.
ஐந்து ரூபாய்க்குப் பயந்து சொன்னேன்:
எங்கள் மேடையில் சரக்கோடு ஒரு தரம் நிறுப்போம்,
இறக்கிவிட்டு ஒரு தரம்.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
இது விழுங்கின பிறகும் முள் கீழே வரமாட்டேன் என்கிறது.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
கீழே லோயர் கேம்ப் வளைவுகளில்
ஏதோ லாரி கியர் மாற்றியது.

டம்ளரை விளக்குக்கு நேரே பிடித்து
அடியில் படிந்த வண்டலைப் பார்த்தபடி
பவுன்ராஜ் சொன்னார்:
"சரி. ஆறு."

"எட்டு" என்றாள் லீலாம்மா,
மீண்டும் ஊற்றிக்கொண்டே.