மூன்று கட்டங்கள் உள்ள அட்டை

நூலக அட்டையில் மூன்று கட்டங்கள்:
வேகம், சுருதி, மனநிலை.
வானொலிக்கு வந்து பதினோரு வருடம்.
முதல் இரண்டை நின்றுகொண்டே நிரப்பிவிடுவேன்.
மூன்றாவதுக்கு உட்கார வேண்டும்.

யிஹ்லவா. பிப்ரவரி. ஊர் ஓரத்துச் சிற்றாலயம்.
ஓபோ இரண்டு, கிளாரினெட் இரண்டு,
ஹார்ன் இரண்டு, பசூன் இரண்டு.
எட்டுப் பேர் அரைவட்டமாக, மேலங்கியைக் கழற்றாமல்.
ஹீட்டரை நான்தான் அணைக்கச் சொன்னேன்.
அது முனகும்;
மைக் அதையும் பாட்டென்று எடுத்துக்கொள்ளும்.

எழுதியவர் பெயர் ஏட்டில் இல்லை.
ஏதோ பிரபுவின் சாப்பாட்டு வேளைக்கு
ஊதச் சொன்னது.
ஈ ஃப்ளாட் மேஜர், ஹார்னுக்குத் தாய்வீடு.
நடுவில் ஓர் அடாஜியோ,
சூப் ஆறிப்போகும் நீளம்.

முதல் பதிவு.
வெண்டுலாவின் ஓபோ நாணலில் நுனி விரிசல்.
மாற்று நாணல் ஹோட்டலில்.
அழுத்தினால் பிளந்துவிடும் என்று
ஒவ்வொரு வரியையும்
தூங்கும் பிள்ளையைக் கட்டிலில் கிடத்துவதுபோல் இறக்கினாள்.
மற்ற ஏழு பேரும் காத்திருந்தார்கள்.
நிமிடத்துக்கு நாற்பத்தாறு தட்டு.
ஆறு நிமிடம் பன்னிரண்டு விநாடி.
குளிரில் குழல்கள் இறங்கிப்போய்
சுருதிமானி 436 காட்டியது.
ஹினெக் தன் ஹார்னைக் கையால் பொத்திப் பார்த்தான்;
ஹார்ன் அவனைக் குளிரவைத்தது.

ஏழாவது பதிவு.
நாணல் வந்தாயிற்று.
எட்டு உடம்பும் நான்கு விளக்குமாக
அறை சூடேறியிருந்தது. 441.
இரண்டாம் பசூன் ஓட்மாருக்கு
ஒன்பது நாற்பதுக்கு ப்ர்னோ ரயில்.
அவன் யாரிடமும் சொல்லவில்லை, பசூன் சொன்னது.
கீழே இருப்பவன் எட்டி நடை போட்டால்
மேலே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?
ஐம்பத்திரண்டு தட்டு. ஐந்து இருபத்தொன்பது.
"இதுதான், சுத்தம்" என்றார் ராடோவான்.
சுத்தம்தான்.
கழுவிக் கவிழ்த்த தட்டு.

வீட்டில் இரண்டையும் கேட்டேன்.
ஏழாவது முடிந்ததும் பல் தேய்க்கப் போனேன்.
முதலாவது முடிந்தும் ஹெட்போன் காதிலேயே இருக்க,
கீழ்வீட்டுக்காரி மூன்று முறை மணி அடித்தாளாம்.

அதில் ஒரே குறை:
ஐம்பத்தெட்டாம் ஆவர்த்தனத்தில்
கிளாரினெட் துளையில் தேங்கிய நீர்
'களக்' என்றது.
அந்த ஓரிடத்தை மட்டும் ஏழாவதிலிருந்து வெட்டி
இங்கே ஒட்டிவிடலாமென்று மூன்று இரவு உட்கார்ந்தேன்.
ஒட்டிய இடத்தில் எட்டுப் பேரும் திடீரென்று
ஒரு படி ஏறி நின்றார்கள்.
கணினியில் சுருதியை இறக்கினேன்.
சுருதி இறங்கியது, அறையின் சூடு இறங்கவில்லை.
வேறு வீட்டுச் சன்னலைப் பெயர்த்து வந்து பொருத்தினதுபோல்
அவ்விடம் மட்டும் வெளிச்சமாக இருந்தது.

களக் இருக்கட்டும்.

ஓட்மாரிடம் தொலைபேசியில் கேட்டேன்,
ரயிலைப் பிடித்தாயா என்று.
பனியில் ரயில் எழுபது நிமிடம் தாமதமாம்.
நடைமேடையில் பசூன் பெட்டிமேல் உட்கார்ந்து
ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை தின்று முடித்தானாம்.
அந்த எழுபது நிமிடத்தில்
நாற்பத்துமூன்று விநாடி எங்களுக்குத் தந்திருக்கலாம்.

வேகம்: மிக மெதுவாக.
சுருதி: ஈ ஃப்ளாட் மேஜர்,
பக்கத்தில் பொடி எழுத்தில், கொஞ்சம் கீழே.
மனநிலைக்கு அட்டையே நான்கு சொல் தருகிறது:
மகிழ்ச்சி, கம்பீரம், துயரம், அமைதி.
இழவுச் செய்திக்குப் பின் எதைப் போடலாமென்று
இரவுப் பணியாளர் தேடுவது இதை வைத்துத்தான்.
துயரத்தில் டிக் போட்டால்
எவரோ ஓர் அமைச்சர் செத்த அன்று
வெண்டுலாவின் நாணல் நாடு முழுக்க அழும்.
அவள் அன்று அழவில்லை.
இடைவேளையில் சிரித்துச் சிரித்து
என் குறிப்பேட்டில் தேநீரைக் கொட்டினாள்.

நான்கையும் விட்டு, ஓரத்தில் எழுதினேன்:
ஹீட்டர் அணைக்கப்பட்டிருந்தது.

அட்டை இன்று காலை திரும்பி வந்திருக்கிறது,
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறியோடு.