கேள்விக்குறிக்கு அப்பால்

ஹீயுமா தீவில் மூன்றரைக்கே இருட்டு.
பிர்கித் அனுப்பிய சுட்டி
ரைவோவின் கைப்பேசியில் நீலமாய்க் கிடக்கிறது:
‘கப்பல் சீட்டு. பணம் மட்டும் கட்டிவிடு.’

வேறு யாராயிருந்தாலும்
தட்டியிருப்பார்கள், பக்கம் திறந்திருக்கும்.
இவன் பிழைப்பே இது.
முகவரியைத்தான் முதலில் வாசிப்பான்.

கேள்விக்குறிக்கு இப்பால் ஊருக்குப் பொது.
அப்பால்,
மறதிக்காரப் பக்கம் ஒன்று
அடுத்த பக்கத்தின் காதில்
அவசரமாய் ஓதிவிட்டுப் போவது:

பெரியவர்=1&குழந்தை=1
&நாய்=1
&திரும்ப=0

சுழியை அழித்து
ஒன்று போட்டுப் பார்த்தான்.
பக்கம் மறுபேச்சின்றி நம்பியது.
விலை கூடியது,
வேறொன்றும் இல்லை.

மறுபடி
அவள் போட்ட சுழியையே வைத்து
அட்டை எண்ணை அடித்தான்.

நாய்க்கு
நான்கு யூரோ தனி.
அதையும் கட்டினான்.