அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது

பொத்தான் என்னிடம் இருந்தது.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நெப்ராஸ்காவில், தானியக் கிடங்குகளுக்கும்
ரயில் பாதைக்கும் நடுவே ஒரு சின்னக் கல்லூரி.
பகலில் சோளம் எடைபோடுகிற எனக்கு
மாலையில் ஆட்டத்தின் கடிகாரம்.
ஒரு ஆட்டத்துக்குப் பதினைந்து டாலர், காபி இலவசம்.

ஆர்லிஸ் ஹ்ருஷ்கா பயிற்சியாளராக வந்த வருஷம்
பெண்கள் அணிக்குச் சீருடையே கிடையாது.
ஆண்கள் கழித்துப் போட்ட பனியன்களில்
எண்களை அவளே வெட்டித் தைத்தாள்.
ஒரு ஏழு தலைகீழாகப் போய்விட்டது;
அந்தப் பெண் அதோடே நான்கு வருஷம் ஆடினாள்.
முதல் பருவத்தில் நான்கு வெற்றி, பத்தொன்பது தோல்வி.
தோற்ற இரவுகளில் கத்தமாட்டாளாம்.
பனியில் வேனை ஓட்டிக்கொண்டே
பெயர் சொல்லாமல் தவறுகளை மட்டும் சொல்லிக்கொண்டு வருவாளாம்.
பின்னிருக்கைகளில் அவரவர்
தத்தம் தவறைப் பொறுக்கிக்கொள்வார்களாம்.

பிறகு ஜெயிக்கத் தொடங்கினாள்.
எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்தேழு, பிப்ரவரி.
ஒரு புள்ளி முன்னிலை. இரண்டு விநாடி பாக்கி.
பக்கக் கோட்டிலிருந்து எதிரணி பந்தை வீச வேண்டும்.
உள்ளே ஒரு கை அதைத் தொட்ட பிறகுதான்
கடிகாரம் ஓட வேண்டும்.
என் கட்டைவிரல் முந்திக்கொண்டது.
எவ்வளவு?
'அ' என்று சொல்லத் திறந்த வாய்
மூடுகிற அளவு.
சங்கு ஊதியது.
அதற்கப்புறம்தான்
பதினான்காம் எண்காரியின் விரல்நுனியை விட்டுப் பந்து கிளம்பியது,
வளையத்தில் படாமல் வலைக்குள் விழுந்தது.
நடுவர் இரு கைகளையும் குறுக்கே வீசினார்:
செல்லாது.

அரங்கமே பந்தைப் பார்த்தது.
ஆர்லிஸ் மட்டும் என்னைப் பார்த்தாள்.
கோபமில்லை, நன்றியுமில்லை.
இடித்துவிட்டுப் போகும் வண்டியின் எண்ணைக்
குறித்துக்கொள்வது போல.

அந்த வெற்றியால்தான் மாநிலப் போட்டி.
அங்கிருந்து கோப்பை.
கோப்பையைப் பார்த்து உயரமான பெண்கள் வந்தார்கள்,
அவர்களைப் பார்த்துப் பணம் வந்தது,
வழுவழுவென்று மேப்பிள் தரை வந்தது.
பெரிய பல்கலைக்கழகங்கள் மூன்று தடவை கூப்பிட்டன.
அவள் போகவில்லை.
மளிகைக் கடையில் எதிர்ப்பட்டால் வானிலை பேசுவோம்.
முப்பத்தைந்து வருஷ வானிலை.

வேண்டுமென்றே அழுத்தினேனா?
மனைவி கேட்டதில்லை, போதகர் கேட்டதில்லை,
நான் யாரிடமும் சொல்லவில்லையே.
சில இரவுகளில், ஆமாம்.
சில இரவுகளில், கை வேர்த்திருந்தது.

போன மார்ச்சில் வழியனுப்பு விழா.
கூரையிலிருந்து பதாகை இறங்கியது: 700.
ஒலிவாங்கி முன்னால் ஊன்றுகோலோடு ஆர்லிஸ்
"அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது" என்றாள்.
சிரித்தார்கள்,
வயசாகிவிட்டது பாவம் என்கிற சிரிப்பு.
கல்லூரித் தலைவர் ஓடிவந்து காதில் திருத்தினார்.
தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.
மறுபடியும் அதே எண்ணைச் சொன்னாள்,
என் மேஜைப் பக்கம் திரும்பாமலே.

மறுநாள் பழைய ஆட்டக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினேன்.
பதினான்கு: டி. ஓஸ்ட்ராண்டர். புள்ளிகள் 11.
எல்லாம் பென்சிலில்.
பதினொன்றைப் பதின்மூன்றாக்க
இரண்டு வளைவு போதும்.

அறையைப் பூட்டும் நேரமாகிவிட்டது என்றார்கள்.