ராஜ்யத்துக்குக் குறிப்பெடுத்தல்

ஞாயிறு ராத்திரி ஏழு மணிக்கு நாலு பேர் வருவார்கள்,
அதற்குள் எனக்கு ஒரு ராஜ்யம் வேண்டும்.
மலை இருக்கிறது. போன வாரமே வரைந்துவிட்டேன்.
மலைக்கு அந்தப்பக்கம் மக்கள் என்ன தின்கிறார்கள்,
எதன்மேல் அடித்துச் சத்தியம் செய்கிறார்கள்,
செத்தவர் செருப்பை என்ன செய்கிறார்கள்
என்பதெல்லாம் பாக்கி.

மாட்டுத்தாவணியில் எடைமேடைச் சீட்டு எழுதும் வேலை எனக்கு.
லாரி ஏறும். எண் ஓடும், தயங்கும், நிற்கும்.
சீட்டின் முதுகில் எழுதிக்கொள்வேன்:
அரண்மனை வாசலில் ஒரு தராசு.
போகும்போதும் வரும்போதும் ஆளை நிறுப்பார்கள்.
குறைந்தால் கேள்வி இல்லை.
கூடினால் தலை போகும்.

காலக்கணக்குக்கு இந்த ஊரையே எடுத்துக்கொண்டேன்.
மாதங்களைத் தெருவாகப் போட்டுவைத்த ஊர்.
என் தலைநகரில் பிறப்பது ஆடி வீதியில்,
வயசாக ஆக வெளிவீதிக்குக் குடிபெயர்வார்கள்,
மாசியைத் தாண்டியவரை யாரும் தேடுவதில்லை.
ஏழுகடல் தெருவில் ஜாக்கெட் துணி எடுக்கிற சாக்கில்
கடல் எங்கே போச்சு என்று கேட்டேன்.
"அடியில இருக்கு" என்றார் கடைக்காரர்,
மீட்டர் கம்பியால் அளந்துகொண்டே.
ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதினேன்.

வைகையை மட்டும் மூன்று பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன்.
கடலுக்குப் போகாத ஆறு என்றால்
அஸ்கர் சிரிப்பான்.

அரக்கன் வேண்டும், அரக்கனுக்குப் பொந்து வேண்டும்.
மேலூர் பஸ்ஸில் ஏறினேன்.
மலை இருந்த இடத்தில்
கத்தி வைத்த அல்வா மாதிரி
படிப்படியாக இறங்கும் பள்ளம்.
அடியில் தண்ணீர், பச்சையும் இல்லை நீலமும் இல்லை.
குவாரி மூடிய பிறகும் மொக்கராசு அங்கே காவல்.
எதைக் காக்கிறீங்க என்றதற்கு
துருவேறிய கிரேனைத் தாடையால் காட்டினார்.
பிறகு அவராகவே:
"போன மாசியில நம்ம வெள்ளாடு ஒண்ணு விழுந்துச்சு.
சினையாடு. நாலாவது படியில நின்னு
மூணு நாள் கத்துச்சு. இறங்க வழியில்ல."
நான் எழுதினேன்:
ஆழத்திலிருந்து ஒரு குரல், மூன்று இரவு.
புதையல் கிடைத்தமாதிரி இருந்தது.
வெட்கம் அப்போது வரவில்லை.

ஞாயிறு. பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.
பள்ளத்தின் விளிம்புக்கு வந்துவிட்டார்கள்.
அஸ்கர் வாளை உருவினான்,
ஜெனிட்டா எத்தனை மந்திரம் மிச்சம் என்று எண்ணினாள்.
ஒச்சம்மா பகடையை உருட்டாமல்
உள்ளங்கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:
"கத்துறது யாரு? பேரு என்ன?
பேரச் சொல்லிக் கூப்பிட்டா வருமில்ல?"

இருபது முகப் பகடை.
நோட்டைப் புரட்டினேன்.
நாணயம் இருக்கிறது,
நாணயத்தில் ஏன் ஓட்டை என்பதும் இருக்கிறது.
செத்தவர் செருப்பை
வாசலைப் பார்த்து வைப்பது இருக்கிறது.
பெயர் இல்லை.
இன்னைக்கு இதோட நிறுத்திக்குவோம் என்றேன்.
யாரும் பஜ்ஜியைத் தொடவில்லை, அஸ்கரைத் தவிர.

செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டு
மறுபடி மேலூர் பஸ்.
"பேரா?
ஆத்திர அவசரத்துக்கு விக்கிற உருப்படி.
அதுக்கு யாரு பேரு வைக்கிறா."

என் வரைபடத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார்,
திருப்பினார், பள்ளத்தைத் தானே கண்டுபிடித்து
விரலை வைத்தார்.
"உங்க ஊர்லயாச்சும் சுத்தி வேலி போட்டிருக்கா?"

அரசனின் பாட்டன் பெயர் யோசித்திருந்தேன்.
இரண்டு நிலவுக்கும் கிரகண நாள் குறித்திருந்தேன்.
இல்லை என்றேன்.

பென்சிலைக் கேட்டு வாங்கினார்.
தாள் கிழிகிற மாதிரி அழுத்தி
பள்ளத்தைச் சுற்றி ஒரு கோடு,
ஓர் இடத்தில் மட்டும் விட்டு.
அது எதுக்கு என்றேன்.
"ஏறி வர வழி வேணாமா?"

பென்சிலைத் திருப்பித் தரவில்லை.
காதில் செருகிக்கொண்டு
கிரேனைப் பார்க்கப் போனார்.